ஏழு தென்னை உயரம்

பிப்ரவரி 9

என் அக்கா பெற்ற மகாராணிக்கு,

உன் தாய்மாமன், முன்னாள் பம்ப் ஆபரேட்டர், இந்நாள் சினிமா உலகத்தின் தூண், எழுதிக்கொள்வது.

உன் நம்பரை அழுத்தி அழுத்தி என் கட்டைவிரல் பாதி தேய்ந்துவிட்டது. மிச்சப் பாதியால் பேனாவைப் பிடித்து எழுதுகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அக்கா பிரித்துவிடுவாள் என்றுதான் நீ வேலை பார்க்கும் எக்ஸ்ரே நிலையத்துக்கு அனுப்புகிறேன். கோபம் இருந்தால் இதையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார். உள்ளே அன்பைத் தவிர வேறொன்றும் தெரியாது.

விஷயம் இதுதான். நம் உரத் தொழிற்சாலை விபத்தைப் படமாக எடுக்கிறார்கள். சின்னப் படமில்லை. கொண்டுவந்து இறக்கிய விளக்குகளை எல்லாம் ஒன்றாகப் போட்டால் சூரியன் வெட்கப்பட்டு லீவு போட்டுவிடும். என்னை ஆலோசகராக வைத்திருக்கிறார்கள். எனக்கென்று தனி நாற்காலி. அதன் முதுகில் 'ஆலோசகர்' என்று எழுதியிருக்கிறது. அதில் உட்கார்ந்த பிறகுதான் ராஜாக்கள் ஏன் அரியணையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்கள் என்பது புரிந்தது. டீ வேண்டுமென்றால் மூன்று பேர் ஓடுகிறார்கள். வருவது ஒரே ஒரு டீ, அதுவும் ஆறிப்போய்.

தொழிற்சாலையை இடித்த பிறகு இத்தனை வருஷமாகப் புல் முளைத்துக் கிடந்ததே, அதே திடலில் ஒட்டுப்பலகையில் இன்னொரு தொழிற்சாலையை எழுப்பியிருக்கிறார்கள். குழாய் எல்லாம் அட்டை. அம்மோனியா டாங்கி மேல் கொஞ்சம் சாய்ந்து நின்றேன், பள்ளமாகிவிட்டது. அட்டை டாங்கியில் அடைக்க ஒன்றுமில்லை, வெடிக்கவும் ஒன்றுமில்லை. எவ்வளவு நல்ல டாங்கி. சரி, அதை விடு.

உன் அப்பாவாக நடிப்பவனைப் பார்த்தால் நீ மயங்கி விழுவாய். அவனுடைய ஒரு கைக்குள் என் அத்தான் முழுசாக அடங்கிவிடுவார். மிச்ச இடத்தில் ஒரு சைக்கிள் நிறுத்தலாம்.

படம் வெளிவரும்போது அக்காவைக் கூட்டிக்கொண்டு வா. அவள் தியேட்டர் பக்கம் போய் எவ்வளவு காலமாயிற்று. அவள் புருஷன் கதை இது.

பதில் எழுதாவிட்டால் நானே புறப்பட்டு வருவேன். வந்தால் நான் எவ்வளவு சாப்பிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

உன் கட்டைவிரல் இழந்த மாமன்

✻

பிப்ரவரி 20

மாமா,

நான் போனை எடுக்காததற்குக் காரணம், நீங்கள் பேசினால் நான் சிரித்துவிடுவேன். சிரித்தால் கோபம் போய்விடும். அது போகக் கூடாது என்று இரண்டு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போது கடிதத்திலும் சைக்கிள் இடத்தில் சிரித்துவிட்டேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில், விருந்து மேஜையைச் சுற்றி இருபது பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு அந்த நாளின் கதையைச் சொன்னீர்களே. வாயு ஏழு தென்னை உயரத்துக்கு எழுந்து நின்று உங்களை முறைத்துப் பார்த்தது என்றீர்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்மா கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நீங்கள் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த ஏழு தென்னை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். விசாரணைக் கமிஷன் முன்னாலும் அதைத்தான் சொன்னீர்கள். அன்று வாசலில் நடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு உயிரோடு இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். வேலை நேரத்தில் பீடி குடிக்கச் சுவர் ஏறியவர் என்பதே அவர்களுக்கு இளப்பம். அதற்கு மேல் ஏழு தென்னை வேறு. வக்கீல் சிரித்தார், கமிஷன் சிரித்தது, யாரும் தள்ளவில்லை, வரிசையில் நின்றார்கள் என்ற உங்கள் சாட்சியையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். அறிக்கையில் கம்பெனி சொன்னதே ஏறியது. 'தொழிலாளர்கள் பதறி ஓடியதால் ஏற்பட்ட நெரிசல், மிதிபட்டு மரணம்.' வாயு கொன்றதாகக்கூட எழுதவில்லை. எங்கள் ஆட்களே ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டார்களாம்.

இப்போது மறுபடியும் உங்களைக் கேட்கிறார்கள். இந்தத் தடவை எத்தனை தென்னை, மாமா?

நீங்கள் அவர்களிடம் சொல்ல வேண்டியதை நானே எழுதித் தருகிறேன். இதை அப்படியே வாசியுங்கள்.

'டாங்கியின் அடிக்குழாய் வெடித்தது. சைரன் ஊதியது. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். வாசலில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் போகக்கூடிய இரும்புச் சுழல் கதவு. பித்தளை டோக்கனைப் பெட்டியில் போட்டால்தான் அது ஒரு சுற்றுச் சுற்றும். டோக்கன் போடாமல் போனவருக்குச் சம்பளப் பிடித்தம். வருஷக்கணக்காகப் பழகிய பழக்கம். அன்றைக்கும் டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. காற்று திரும்பியது. நின்றவர்கள் வரிசையாக, முன்னால் நின்றவர் மேல் பின்னால் நின்றவராக விழுந்தார்கள்.'

இவ்வளவுதான். ஒரு தென்னங்கீற்றுகூடச் சேர்க்காதீர்கள்.

✻

மார்ச் 4

மகாராணியின் கட்டளைக்கு,

வாசித்தேன். சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஆலோசகர் நாற்காலிக்கு முன்னால் நின்று, நீ எழுதியதை எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு சின்னதாக நான் பேசியதே இல்லை. 

டைரக்டர் நல்ல மனுஷன்தான். தாடியைத் தடவிக்கொண்டு முழுசாகக் கேட்டார். பிறகு ரொம்பப் பணிவாக, "சார், விஷ வாயு வருது, ஐம்பது பேர் வரிசையில நின்னாங்கன்னா தியேட்டர்ல யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். நான் பொய் சொன்ன காலமெல்லாம் ஊரே வாயைப் பிளந்து கேட்டது. உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்களாம். இதை நான் எந்தக் கமிஷனில் போய் முறையிட?

இன்னொரு கொடுமையும் கேள். புளுகில் உன் மாமனை மிஞ்ச உலகத்தில் ஆள் கிடையாது என்று இத்தனை நாள் இறுமாந்திருந்தேன். அந்த ஆணவம் அடங்கிவிட்டது. இங்கே தீ வைக்கிறார்கள். அன்றைக்கு ஒரு தீக்குச்சிகூட எரியவில்லை. வாயுவுக்கு ஆரஞ்சு நிறம் கொடுத்திருக்கிறார்கள். அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது ஐயா என்றேன். அப்புறம் ஜனங்கள் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்கிறார் கேமராக்காரர். நியாயமான கேள்விதான். அன்றைக்கு நாங்களும் எதையும் பார்க்கவில்லையே.

காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் சொல்லுகிற ஒரே வார்த்தை, "கொஞ்சம் குறைச்சுக்குங்க." தீயைக் குறைங்க, சத்தத்தைக் குறைங்க, ஹீரோவின் மார்பைக் குறைங்க. லைட் பிடிக்கிற பையன்கள் எனக்கு 'குறைப்பு மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்னைப் பெற்றவள் கேட்டால் சிரித்துச் சிரித்தே எழுந்து வந்துவிடுவாள்.

படத்தில் உன் அப்பா இரண்டு பேரைத் தோளில் தூக்கிக்கொண்டு, நெரிசலைப் பிளந்துகொண்டு வருகிறார். அந்த நெரிசல் காட்சி மாசக் கடைசியில். முந்நூறு பேர் ஓடப்போகிறார்கள், தள்ளப்போகிறார்கள், மிதிக்கப்போகிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே. அத்தான் வீரனாகத்தானே வருகிறார். அக்காவும் பார்த்து, 'என் புருஷன் சிங்கம்' என்று நிமிர்ந்து உட்காரலாமே. வரிசையில் நின்றார், செத்தார் என்பதில் அவளுக்கு என்ன கிடைக்கும்?

குறைப்பு மாமன்

✻

மார்ச் 13

மாமா,

அம்மாவுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

அப்பாவை எடுத்தபோது அவருக்கு அடியில் இருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன். நினைவிருக்கும். அறிக்கை வெளிவந்த பிறகு அவருடைய மனைவி அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை ஒன்றும் போடவில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அம்மா வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், அவ்வளவுதான். அந்த ஊரை விட்டு நாங்கள் வந்ததற்குக் காரணம் என் வேலை என்றுதானே நீங்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. அந்தக் குடம்தான்.

போன வருஷம் அம்மாவுக்குக் காய்ச்சல். தலைக்குப் பத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "உங்கப்பா அந்தப் பிள்ளைய மிதிச்சிருப்பாரோடி?"

பஸ்ஸில் முதலில் ஏறாதவர், மாமா. ரேஷன் கடையில் பின்னால் நிற்பவருக்கெல்லாம் வழிவிட்டு வெறும் பையோடு திரும்பி வந்தவர். அவரோடு அவ்வளவு வருஷம் வாழ்ந்தவளே இப்படிக் கேட்கிறாள். அச்சில் வந்ததை அவளால் நம்பாமல் இருக்க முடியவில்லை. இப்போது திரையிலும் வந்து, அதே நெரிசலில், அதே கூட்டத்தில், அப்பா தோளில் இரண்டு பேரோடு வந்தால், காலடியில் யார் கிடக்கிறார் என்றுதான் அவள் தேடுவாள். சிங்கம் எங்களுக்கு வேண்டாம்.

வேலையில் நாள் முழுக்க நான் சொல்வது ஒரே வாக்கியம்தான். மூச்சைப் பிடிச்சுக்குங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அப்பா வருகிறார். அவருடைய கடைசி நிமிஷங்களாக என்னிடம் இருப்பதெல்லாம் நீங்கள் சொன்னவைதான். ஒரு கதையில் ராஜா மாதிரிக் கையசைத்தார். இன்னொன்றில் பாடினார். கல்யாண வீட்டில் உங்களைப் பார்த்துக் கண்ணடித்தார் என்றீர்கள். எதை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தவர் நீங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஒரு தடவை. எனக்கு.

✻

மார்ச் 29

அக்கா மகளுக்கு,

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் பின்பக்கச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். பீடி பற்ற வைத்திருந்தேன். சைரன் ஊதியது. அது அடிக்கடி ஊதும் என்பதால் நான் இறங்கவில்லை. ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். துண்டை நனைத்து மூக்கில் வைத்திருந்தார்கள். வேகமாக நடந்தார்கள், ஓடவில்லை. சுழல் கதவுக்கு முன்னால் வரிசை பிடித்தார்கள். அது தினமும் ஷிஃப்ட் முடிந்து நிற்கிற வரிசை மாதிரியே இருந்தது.

அத்தான் நடுவில் நின்றார். அவருக்கு முன்னால் எலக்ட்ரீஷியன். அவனுக்கு இருமல். அத்தான் அவன் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வாடை வந்தது. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. "அத்தான், செவுத்துப் பக்கம் வாங்க" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். டோக்கன் இருந்த கையைத் தூக்கி, முன்னால் நின்றவர்களைக் காட்டினார். பிறகு அதே கையை, இரு, வந்துடறேன் என்பது போலக் காட்டினார். இன்னொரு கை எலக்ட்ரீஷியன் முதுகில் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

காற்று திரும்பியது. என் கண் மூடிக்கொண்டது. வெளிப்பக்கம் விழுந்தேன்.

அவர் பாடவில்லை. கண்ணடிக்கவில்லை. கையசைத்தது உண்மை, ஆனால் ராஜா மாதிரி இல்லை. பஸ் வருகிறது, கொஞ்சம் பொறு என்று காட்டுவது மாதிரி.

இதை இப்படியே சொன்னால் என்னால் முழுசாகச் சொல்லி முடிக்க முடியாது. இரண்டு தடவை முயற்சி செய்திருக்கிறேன். அதனால்தான் தென்னை மரம் வந்தது. அக்காவைப் பார்த்துக்கொண்டு அதையும் சொல்ல முடியாது என்பதால்தான் அன்றைக்கு அவள் பக்கம் திரும்பவில்லை.

இனி நேற்று நடந்தது.

கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று ஊரிலேயே பிடித்தார்கள். கூலி உண்டு என்றதும் நம் பழைய ஆட்களும் வந்துவிட்டார்கள். வெல்டர், ஸ்டோர்கீப்பர், கேன்டீன்காரர், இன்னும் நாற்பது பேர் இருக்கும். எல்லாரும் அன்றைக்கு வேறு ஷிஃப்ட்டில் இருந்ததால் தப்பித்தவர்கள். மற்றவர்கள் இளவட்டம். எல்லார் கையிலும் ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தார்கள். சுழல் கதவை அச்சு அசலாகச் செய்திருந்தார்கள். அதன் கிரீச் சத்தம்கூட அப்படியே. அதைப் பார்த்ததும் வெல்டர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான்.

உயிருக்குப் பயந்து ஓட வேண்டும், தள்ள வேண்டும், விழுந்தவரை மிதித்துக்கொண்டு போக வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். பழைய ஆட்களை முன்னால் நிறுத்தினார்கள். சைரன் ஊதியது. ஓடினார்கள். நன்றாகவே ஓடினார்கள். கதவுக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததும் வெல்டர் நின்றான். அவன் பின்னால் ஸ்டோர்கீப்பர் நின்றார். கேன்டீன்காரர் முன்னால் போய்விட்டவர், திரும்பி வந்து அவர் பின்னால் நின்றார். டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் ஓடிவந்த இளவட்டங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்களும் நின்றுவிட்டார்கள். சைரன் ஊதிக்கொண்டே இருந்தது. ஆரஞ்சுப் புகை வந்தது. வரிசை ஒவ்வொருவராக நகர்ந்தது.

டைரக்டர் நிறுத்தச் சொன்னார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் வரிசை.

அவர் இறங்கி வந்து வெல்டரிடம் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார். வெல்டர் தலையைச் சொறிந்தான். "தெரியலீங்க. இந்தக் கதவப் பாத்தா கால் தானா நின்னுடுது."

டைரக்டர் என்னிடம் வந்தார். "நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் அதில் உட்காரவில்லை.

மாமா

✻

செப்டம்பர் 2

மகாராணிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். படம் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறது. இங்கே ஒட்டியிருக்கிற போஸ்டரில் ஹீரோவின் மூக்குத் துவாரத்தில் ஒரு குடும்பம் வாடகைக்குக் குடியிருக்கலாம். பார்த்தாயா, பழைய நோய் திரும்பிவிட்டது. ஆனால் சொல்ல வந்தது வேறு.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். வரிசை இருக்கிறது. வெட்டவில்லை. சத்தம் எதுவும் இல்லாமல், சைரனைக்கூட எடுத்துவிட்டு, வெல்டரும் மற்றவர்களும் டோக்கனோடு நிற்பதை அப்படியே வைத்திருக்கிறார். புகையையும் குறைத்திருக்கிறார். 'குறைப்பு மாமா' ஒரு தடவை ஜெயித்தான்.

ஆனால் அதற்கு அடுத்த காட்சியே நெரிசல். வெளியூரிலிருந்து சினிமாச் சண்டைக்காரர்களை வரவழைத்து எடுத்துவிட்டார்கள். பணம் போட்டவர்கள் விடவில்லையாம். டைரக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னால் ஆனது இவ்வளவுதான் என்றார். நான் திட்டுவதற்கென்று பெரிய பெரிய வார்த்தைகளை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தேன். மூட்டையை அவிழ்க்காமலே திரும்பிவிட்டேன்.

அதனால் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகாதே. வரிசையைப் பார்ப்பாள், உடனே மிதிப்பதையும் பார்ப்பாள். அவள் கண்ணில் எது தங்கும் என்று நமக்குத் தெரியாது. முதல் கடிதத்தில் நான் எழுதியதை எல்லாம் மறந்துவிடு.

மாமா

✻

செப்டம்பர் 16

மாமா,

உங்கள் கடிதம் வந்த அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், போக வேண்டாம் என்று. போஸ்டரை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் நான் வேலையிலிருந்து வந்தபோது புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். நீ வராட்டி நான் தனியாப் போறேன் என்றாள். கூடப் போனேன்.

ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். அப்பாவாக நடிப்பவன் முதலில் வந்தபோது என் காதில், "இது யாருடி, பயில்வான்?" என்றாள்.  டாங்கி வெடித்தபோது என் கையைப் பிடித்தாள். அவள் மூச்சு விடவில்லை, மாமா. எனக்குத் தெரியும், நாள் முழுக்க அதைத்தானே பார்க்கிறேன்.

வரிசை வந்தது. சத்தமே இல்லை. தியேட்டரில் யாரோ பொட்டலம் பிரிக்கிற ஓசை கேட்டது. வெல்டர் நின்றார். அவர் பின்னால் ஸ்டோர்கீப்பர். அம்மா முன்னால் சாய்ந்தாள். அந்த வரிசையில் அப்பாவாக நடிப்பவன் இல்லை. அம்மா அவனைத் தேடவும் இல்லை. ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே போனாள், கல்யாண போட்டோவில் சொந்தக்காரர்களைப் பார்ப்பது மாதிரி. அவள் விரல் என் கையில் தளர்ந்தது.

"நின்னுருக்காரு" என்றாள்.

எழுந்துவிட்டாள். "வா, போலாம்."

எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் தொடங்கியது. சண்டைக்காரர்கள் ஓடுகிற சத்தம், அலறல், எல்லாம். அம்மா திரும்பவில்லை. கதவைத் தள்ளி எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்துகொண்டிருந்த ஒருவருக்கு வழிவிட்டாள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

படிக்கட்டில் வெயிலில் உட்கார்ந்தோம். உங்கள் மார்ச் மாதக் கடைசிக் கடிதம் அன்றிலிருந்து என் கைப்பையிலேயே இருக்கிறது. அதைப் படித்துக் காட்டினேன். முதுகில் கை வைத்திருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். மறுபடி படிக்கச் சொன்னாள். அப்புறம் கேட்டாள், "அவளும் பாப்பாளா, இந்தப் படத்த?" எலக்ட்ரீஷியன் மனைவியைக் கேட்கிறாள். தெரியலம்மா என்றேன். அவள் முழுசாகப் பார்த்துவிட்டால் என்ன நினைப்பாள் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்து அவளுக்கு அனுப்பலாமா என்று அம்மாவே கேட்டாள். உங்களைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்றும் அவளே சொன்னாள்.

பிறகுதான் அழுதாள். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத அழுகை. போகிறவர் வருகிறவர் எல்லாம் படம் அவ்வளவு சோகமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். அடுப்பில் உலை வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"உங்க மாமன் எத்தன தென்னைன்னு சொன்னான்?"

"ஏழும்மா."

அரிசியைக் களைந்தாள். இரண்டு தடவை களைந்தாள்.

"அவ்வளவுதானா இருந்துச்சு?"

 மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போன் பண்ணுங்கள், மாமா. எடுக்கிறேன்.